செத்ததென்று எறிந்த கூடு

மார்கழி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், நீர்வேலியில் எங்கள் கிணற்றடிக் கறிவேப்பிலை மரத்திலிருந்து என் பெறாமகள் ஆறு புழுக்களைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாடசாலையில் உருமாற்றம் பற்றிப் படிப்பித்திருக்கிறார்கள். பழைய காட்போட் பெட்டியொன்றுக்குள் அவற்றை விட்டு, மேலே நுளம்புவலைத் துண்டொன்றைக் கட்டி, தினமும் கறிவேப்பிலைக் கொப்பு முறித்துப் போட்டாள். ஏறுவதற்கென்று காய்ந்த பனைமட்டைத் துண்டொன்றையும் உள்ளே சாய்த்து வைத்தாள். சில நாட்களில் புழுக்கள் கொழுத்துவிட்டன. ஒன்று வலை இடுக்கால் தப்பிவிட்டது. மற்ற ஐந்தும் தின்பதை நிறுத்தி, அங்குமிங்கும் அலைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்தில் தொங்கிக் கூட்டுப்புழுவாகின.

கறிவேப்பிலைக் கொப்பில் தொங்கிய இரண்டும் இளம் பச்சை. இலையா கூடா என்று கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். பனைமட்டையில் ஒன்று, பெட்டிச் சுவரில் இரண்டு. அந்த மூன்றும் மண்ணிறம். காய்ந்த பட்டைத் துண்டு போல. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சை ரெண்டும் நல்லாயிருக்கு. மற்றது காஞ்சு செத்துப்போச்சு பிள்ளை, எறி" என்றார். பனைமட்டையோடு ஒன்று குப்பைக்குப் போனது. அன்று பின்னேரம் குப்பை கொளுத்தப்பட்டது. பெட்டிச் சுவரில் இருந்த இரண்டையும் பிள்ளை மனம் வராமல் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் நான்கு வண்ணத்துப்பூச்சிகள் வெளியே வந்தன. பச்சையிலிருந்து இரண்டு, மண்ணிறத்திலிருந்து இரண்டு. நான்கும் கறுப்புச் சிறகுகள் விரித்து வலைக்குள் படபடத்துக்கொண்டிருக்க, பிள்ளை என்னிடம் வந்து கேட்டாள்: "சித்தி, அப்ப மற்றதும் செத்திருக்கேல்லைத்தானே?" அம்மா குசினிக்குள்ளிருந்து பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவளுடைய அடுத்த கேள்விக்காவது பதில் தேடலாம் என்று நினைத்தேன். ஒரே மரம், ஒரே இலை, ஒரே பெட்டி. ஏன் இரண்டு நிறம்?

நான் படித்தது ஊடகக் கற்கை, விலங்கியல் அல்ல. எனவே எனக்குத் தெரிந்த வழியில், ஒரு செய்தியைத் துருவுவதுபோல இதைத் துருவினேன். முதலில் தோன்றும் விளக்கங்களைத் தள்ளிவிடலாம். இவை இரண்டு இனங்கள் அல்ல. வெளிவந்த நான்கும் ஒரே இனம். விஞ்ஞானப் பெயர் பப்பிலியோ பொலிற்றெஸ். தமிழ்நாட்டு வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்கள் கறிவேப்பிலை அழகி என்கிறார்கள். ஆண் பெண் வித்தியாசமும் இல்லை. நோயும் இல்லை. பச்சை இலை தின்றதால் பச்சை என்றால் ஐந்தும் பச்சையாக இருக்கவேண்டும். மிஞ்சுவது ஒன்றுதான்: எந்த இடத்தில் தொங்கியதோ அந்த இடம்.

இந்த அவதானிப்பு பழையது. தென்னாபிரிக்காவில் கேப் குடியேற்றத்தில் வாழ்ந்த மேரி எலிசபெத் பார்பர் என்ற பெண், எங்கள் கறிவேப்பிலை அழகியின் உறவினமான ஒரு வண்ணத்துப்பூச்சியை வளர்த்து, அதன் கூட்டுப்புழுக்கள் தோடை இலையோடு இருந்தால் பச்சையாகவும் வேறிடத்தில் இருந்தால் அந்த இடத்தின் சாயலிலும் அமைவதைக் கண்டு எழுதினார். அந்தக் குறிப்பு 1874இல் இலண்டன் பூச்சியியல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவரும் ஒரு வீட்டுப் பெட்டிக்குள்தான் பார்த்தார் என்பதை என் பெறாமகளுக்குச் சொன்னபோது அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் காலத்தில் புகைப்படக்கலை புதிது. எனவே விளக்கமும் அதிலிருந்தே வந்தது. புதிதாகத் தோலுரித்த கூட்டுப்புழுவின் ஈரத்தோல் புகைப்படத் தகடு போன்றது, பக்கத்தில் இருக்கும் நிறம் அதில் பதிந்துவிடுகிறது என்றார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பிழை. பின்னாளில் ஒக்ஸ்போட்டில் பேராசிரியரான எட்வேர்ட் பூல்டன் 1887இல் வெளியிட்ட நீண்ட ஆய்வு அதைத் தகர்த்தது. நிறம் தீர்மானமாவது கூட்டுப்புழுவான பிறகு அல்ல, அதற்கு முன்னரே. புழு இன்னும் புழுவாக இருக்கும்போதே. கூட்டுப்புழுவின் தோல் வெளியே வரமுன்னர் அதில் எதுவும் பதிய முடியாதல்லவா? உடலின் முன்பாதி ஒரு நிறத்திலும் பின்பாதி இன்னொரு நிறத்திலும் இருக்கும்படி புழுக்களை வைத்தும் பார்த்தார். இருநிறக் கூட்டுப்புழு கிடைக்கவில்லை. அப்படியென்றால் உடலின் ஒவ்வொரு பகுதியும் தன்பாட்டில் நிறம் எடுப்பதில்லை. எங்கோ ஒரு நடுவிடம் செய்தியை வாங்கி, முழு உடலுக்கும் ஒரே கட்டளையை அனுப்புகிறது. அந்த நடுவிடம் நரம்புத்தொகுதியாக இருக்கவேண்டும் என்று பூல்டன் நினைத்தார். கட்டளை எந்த வடிவில் போகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஓமோன் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. அது 1905இல்தான் வந்தது.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். தேடத் தொடங்கும்வரை அவருடைய பெயரை நான் கேள்விப்பட்டதில்லை.

லியோனோர் பிரெஹர். 1886இல் ருமேனியாவின் பொட்டொஷானி நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, அந்த நகரின் பிராட்டர் பூங்காவில் இருந்த, விவேரியம் என்று அழைக்கப்பட்ட உயிரியல் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தார். வண்ணத்துப்பூச்சிக் கூட்டுப்புழுவின் நிறம்தான் அவருடைய வாழ்நாள் ஆய்வு. கோவா உண்ணும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை வேறு வேறு நிற ஒளியில் வளர்த்து, எந்த ஒளி கூட்டுப்புழுவைப் பச்சையாக்குகிறது, எது கருக்கவைக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்தார். கருமையான நிறப்பொருள் உருவாகக் காரணமான நொதியம் வரை அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனார். அவருக்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றும் தகுதி கொடுக்கப்படவில்லை. மாணவர்களிடம் அதிகாரத்தோடு நிற்க இயலாதவர் என்று காரணம் சொன்னார்கள். 1938இல் ஒஸ்திரியாவை நாசிகள் எடுத்துக்கொண்டபின் எல்லாக் கதவும் மூடியது. 1942 செப்ரெம்பரில் வியன்னாவிலிருந்து ரயிலேற்றப்பட்டு, பெலரூசின் மின்ஸ்க் நகருக்கு அருகே மாலி திரொஸ்தினெற்ஸ் என்ற இடத்தில் கொல்லப்பட்டார். நிலையத்தை உருவாக்கிய ஹான்ஸ் பிர்ஸிபிராம் 1944இல் தெரேசியன்ஸ்ராட் முகாமில் இறந்தார். போரின் கடைசி நாட்களில் விவேரியம் கட்டடமும் எரிந்தது.

எரிந்த கட்டடத்தோடு என்னவெல்லாம் போகும் என்பதை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் பிரெஹரின் கட்டுரைகள் அச்சில் தப்பின. கூட்டுப்புழு நிறம் பற்றி எழுதுபவர்கள் இன்றைக்கும் அவரைச் சுட்டுகிறார்கள்.

கட்டளை எந்த வடிவில் போகிறது என்ற கேள்விக்குப் பதில் போருக்குப் பின் யப்பானிலிருந்து வந்தது. 1950களிலும் 60களிலும் தொஷிதகா ஹிதாகா என்ற ஆய்வாளர், பப்பிலியோ சூதஸ் என்ற வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொண்டார். அதுவும் தேசி, தோடைக் குடும்பத்து இலைகளைத் தின்னும் இனம். எங்கள் கிணற்றடிப் பூச்சியின் நெருங்கிய சொந்தம். அவர் பயன்படுத்திய கருவி ஒரு நூல். கூட்டுப்புழுவாவதற்குத் தயாராக இருக்கும் புழுவின் உடலை நடுவில் நூலால் இறுகக் கட்டினால், முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே இரத்தம் ஓடாது. மண்ணிறமாக வேண்டிய புழுவை உரிய நேரத்துக்கு முன் இப்படிக் கட்டியபோது, கட்டுக்கு முன்னால் மண்ணிறமும் பின்னால் பச்சையும் வந்தன. நேரம் பிந்திக் கட்டினால் முழுவதும் மண்ணிறம்.

பூல்டனுக்குக் கிடைக்காத இருநிறக் கூட்டுப்புழு இப்படிக் கிடைத்தது. அதன் பொருள் தெளிவு. தலை, நெஞ்சுப் பகுதியில் இருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் இறங்கிப் பின்னால் போகிறது. அது போய்ச் சேர்ந்தால் மண்ணிறம். போகாவிட்டால் பச்சை. அதாவது இந்த இனத்தில் பச்சை என்பது எவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் வரும் நிறம். மண்ணிறத்துக்குத்தான் கட்டளை வேண்டும். 1982இல் அவிட்டி என்ற ஆய்வாளரும் ஹிதாகாவும் அந்த ஓமோனின் இருப்பிடத்தை மூளையோடும் அதற்கு அடுத்து நெஞ்சுவரை தொடரும் நரம்பு முடிச்சுகளோடும் தொடர்புபடுத்தினார்கள்.

அம்மா செத்தது என்று நினைத்தது, ஒரு வேலை கூடுதலாகச் செய்த கூட்டை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். ஐரோப்பாவின் மயிற்கண் வண்ணத்துப்பூச்சியிலும் இதே மாதிரி ஓர் ஓமோன் இருக்கிறது. நரம்புத்தொகுதியிலிருந்தே வருகிறது. ஆனால் அங்கே அது சுரந்தால் கூட்டுப்புழு வெளிறுகிறது, சுரக்காவிட்டால் கருக்கிறது. நேர் எதிர்மாறு. 1999இல் குந்தர் ஸ்ரார்னெக்கர், வேட் ஹேசல் ஆகிய இருவரும், மயிற்கண் பூச்சியில் கருமையைக் குறைக்கும் இந்தக் காரணி, பப்பிலியோ இனமொன்றில் மண்ணிறத்தைக் கொண்டுவருகிறது என்று காட்டினார்கள். ஓமோன் என்றால் அதற்குள்ளேயே நிறம் இருக்கிறது என்று நினைக்கிறோம். இல்லை. அது ஒரு தட்டல் மட்டுமே. தட்டினால் யார் கதவு திறக்கும் என்பது வீட்டைப் பொறுத்தது. இரண்டு குடும்பங்களும் இந்த வித்தையைத் தனித்தனியே கண்டுபிடித்துக்கொண்டன என்பது அவர்களுடைய முடிவு.

சரி, புழுவுக்கு இடம் எப்படித் தெரிகிறது? கூட்டுப்புழுவாகும் முன் அது செய்வதைக் கவனித்தால் பாதிப் பதில் கிடைக்கும். தின்பதை நிறுத்தும். வயிற்றில் உள்ளதையெல்லாம் ஈரமாகக் கழித்துவிடும். பிறகு அலையத் தொடங்கும். மரத்தை விட்டிறங்கி, வேலியில் ஏறி, திரும்பி, மீண்டும் ஏறி, மணிக்கணக்காக நடக்கும். எங்கள் ஆறாவது புழு தப்பியது இந்த அலைச்சலில்தான். கடைசியில் ஓரிடத்தில் நின்று, வாலடியில் பட்டுத் திட்டொன்றைப் பின்னி, முதுகைச் சுற்றி ஒரு பட்டுக் கச்சையைக் கட்டிச் சாய்ந்து தொங்கும். ஏறத்தாழ ஒரு நாள் அப்படியே இருந்துவிட்டுத் தோலை உரிக்கும். அலைச்சலும் இந்த ஒரு நாளும்தான் நிறம் தீர்மானமாகும் நேரம். அதற்குப் பிறகு மாற்றமில்லை. மண்ணிறக் கூட்டைக் கொண்டுபோய்ப் பச்சை இலையில் ஒட்டினாலும் அது மண்ணிறம்தான்.

அந்த நேரத்தில் புழு கண்ணால் பார்ப்பது ஒன்று, காலால் தொடுவது இன்னொன்று. ஏ.ஜி. சிமித் என்பவர் 1978இல் இலண்டன் றோயல் சங்கத்தின் இதழில் வெளியிட்ட பரிசோதனைகள் எங்களுக்கு நேரடியாக உரியவை. அவர் எடுத்த மூன்று இனங்களில் இரண்டு எங்கள் வளவுகளில் இருப்பவை: கறிவேப்பிலை அழகியும், தேசி மரத்தில் வளரும் பப்பிலியோ டெமோலியசும். சுற்றியுள்ள பரப்பின் நிறம் இவற்றின் கூட்டுப்புழு நிறத்தைத் திருப்புகிறது என்பதை அவர் ஆராய்ந்தார். தொடுகையைப் பற்றி யப்பானில் பப்பிலியோ சூதஸை வைத்துப் பின்னர் பார்த்தார்கள். இருட்டில், நிறமே தெரியாத இடத்தில்கூட, வழுவழுப்பான பரப்பு பச்சைக்கும் சொரசொரப்பான பரப்பு மண்ணிறத்துக்கும் இட்டுச்சென்றது. ஒரு தடவை தொட்டது போதாது. அலையும்போது திரும்பத் திரும்பப் படும் சொரசொரப்பு கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. உயிருள்ள இளங்கொப்பு வழுவழுப்பு. காய்ந்த பட்டை, மட்டை, மரக்கதியால் எல்லாம் சொரசொரப்பு. கண் ஏமாறும் இராத்திரியிலும் கால் ஏமாறாது.

நிறத்தின் சரக்கு எங்கிருந்து வருகிறது? பச்சை என்பது ஒரே பொருள் அல்ல. நீலம் ஒன்றும் மஞ்சள் ஒன்றும் கலந்தது. நீலம், எங்கள் பித்தத்தில் உள்ள நிறப்பொருளின் உறவுக்காரன். அடிபட்ட கண்டல் சில நாளில் பச்சை பாரிக்குமே, அதே வம்சம். மஞ்சளைப் புழுவால் செய்ய முடியாது. அது இலையிலிருந்து வருகிறது. ஆகப் பச்சைக் கூட்டில் பாதி, உண்மையிலேயே கறிவேப்பிலை. மண்ணிறத்தின் பெரும்பங்கு மெலனின். எங்கள் தலைமயிரைக் கறுப்பாக்குவது.

இதே பூச்சியின் வாழ்க்கையில் நிறம் வேறு வழிகளிலும் தீர்மானமாகிறது என்பதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். சிறு புழு பார்வைக்குக் குருவி எச்சம், கறுப்பும் வெள்ளையும். கடைசித் தோலில் திடீரென்று பச்சையாகிறது. பப்பிலியோ சூதஸில் அந்த மாற்றத்தை வைத்திருப்பதும் ஓர் ஓமோன்தான், இளமை ஓமோன் என்பார்கள். அது இரத்தத்தில் குறையும்போது எச்ச வேடம் கழன்று இலை வேடம் வருகிறது என்று றியோ புதஹாஷியும் ஹருஹிகோ புஜிவாராவும் 2008இல் காட்டினார்கள். அதற்கு இடம், ஒளி ஒன்றும் வேண்டாம், வயது போதும். வளர்ந்த பெண் கறிவேப்பிலை அழகிகளில் சில ஆண்போலவே இருக்கும். சில, பறவைகள் தொடாத நச்சு வண்ணத்துப்பூச்சிகளான சிவப்புடல் அழகிகளைப் போல வேடமிட்டிருக்கும். அந்த வேடம் பிறப்பிலேயே தீர்ந்தது. ஒரே ஒரு மரபணு அதை முடிவு செய்கிறது என்பதை பெங்களூரின் கிருஷ்ணமேக் குந்தேயும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்டார்கள். ஆக ஒரே உயிரில் ஒரு நிறம் வயதால், ஒரு நிறம் பிறப்பால், ஒரு நிறம் மட்டும் இடத்தால்.

எல்லா இனத்திலும் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. எருக்கலையில் வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். அதை ஆபிரிக்காவில் ஆராய்ந்தவர்கள் 1988இல், சூழல், பருவகாலம், பரம்பரை மூன்றுக்கும் பங்கு இருக்கிறது என்றார்கள். முற்றத்து அலரியில் இலைக்குக் கீழே தொங்கும் பளபளப்பான வெள்ளி, பொன் நிறக் கூடுகளையும் பார்த்திருப்பீர்கள். காதில் போடும் தோடு போல இருக்கும். அது கறுப்பு மண்ணிறச் சிறகுள்ள யூப்ளோயா கோர் என்ற வண்ணத்துப்பூச்சியின் கூடு. அதில் பொன் நிறப்பொருள் ஒன்றுமே இல்லை. தோலில் அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கான மெல்லிய படலங்கள். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் பொன்னாகத் தெரிகிறது என்று 1985இல் கண்டறிந்தார்கள். பூச்சி வெளியேறிக் கோது காய்ந்ததும் பொன்னும் போய்விடும். சிறுவயதில் நான் ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, கடைசியில் ஏமாந்தது இதனால்தான் போலும்.

விட்டில்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வேலையே இல்லை. மண்ணுக்குள்ளோ சருகுக்குக் கீழோ பட்டுக்கூட்டுக்குள்ளோ கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. எனவே பெரும்பாலும் மண்ணிறம். வெளியில் தெரியத் தொங்குபவற்றுக்குத்தான் இரண்டு நிறத்துக்கான தேவை. புலுனியும் காகமும் ஓணானும் பார்க்கும் இடத்தில், ஓடவும் முடியாமல் பத்துப் பன்னிரண்டு நாள் தொங்கவேண்டும்.

இதை அறிந்தபின் எனக்குப் பழைய காட்சியொன்று ஞாபகம் வந்தது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை அண்டிய காணிகள் விடுவிக்கப்பட்டபோது செய்தி சேகரிக்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. 27 வருடங்களுக்குப் பின் சனம் தங்கள் வளவுகளைத் தேடிக்கொண்டிருந்தது. மதில் இல்லை, வேலி இல்லை, கிணறுதான் அடையாளம். கூரையில்லாத வீடொன்றின் சுவரோடு ஒட்டி ஒரு தேசி மரம் காடாக வளர்ந்து நின்றது. சாந்து உதிர்ந்த சுவரில் ஏதோ ஒரு மரத்துண்டு ஒட்டியிருக்க, பிடுங்கிப் பார்ப்போம் என்று விரல் வைத்தேன். அது நெளிந்தது. கையை எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அதைப் பற்றி ஒரு வரிகூட அன்றைக்கு எழுதவில்லை. எழுதவேண்டிய வேறு விடயங்கள் இருந்தன. அந்த மரத்தில் எத்தனை தலைமுறைப் புழுக்கள் ஆளில்லாத சுவர்களைத் தொட்டுத் தொட்டு மண்ணிறமாகியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

இதை வீட்டில் சொன்னபோது அத்தான், "எங்கட சனத்தைப் போலத்தான். போற இடத்துக்கு ஏற்ற நிறம்" என்றார். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. புழுவிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. அது நிறம் மாறியதைப் பற்றி அதற்குத் தெரியவும் தெரியாது. நாங்கள் மாறியதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் இடம் மாறுவதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். என் அம்மாவின் காலத்து வேலி கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள். இடையில் பனையோலை அல்லது கிடுகு. மாரியில் அது பச்சை, கோடையில் மண்ணிறம். கறிவேப்பிலையிலிருந்து இறங்கிய புழுவுக்கு இரண்டு நிறத்துக்கும் இடம் இருந்தது. இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில். வெளிநாட்டுக் காசில் எழும்பிய மதில்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. யுத்தம் பார்த்த சனத்துக்கு ஓலை வேலிக்குப் பின்னால் படுக்கும் பயம் என்னவென்று தெரியும். ஆனால் ஊதாவும் மாம்பழ மஞ்சளும் பூசிய மதிலுக்கு ஏற்ற நிறம் எந்தப் புழுவிடமும் இல்லை. அதனிடம் இருக்கும் தெரிவு பச்சைக்கும் மண்ணிறத்துக்கும் இடையில்தான். எங்கள் பக்கத்து வீட்டு மஞ்சள் மதிலில் கடந்த மாதம் ஒரு மண்ணிறக் கூட்டைக் கண்டேன். ஒழுங்கையின் மறுகரையிலிருந்தே தெரிந்தது. மறுநாள் அது இல்லை.

மருந்தடிக்கும் கதை வேறு. தேசிக்கன்று வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புழு எதிரிதான். நாற்றுமேடையில் இலை முழுவதையும் மொட்டையடித்துவிடும். காய்க்கும் வயதான மரமோ வீட்டுக் கறிவேப்பிலையோ பத்துப் புழுவைத் தாங்கும். அதிலும் நாளைக்குக் கறிக்குப் போடப்போகும் இலைக்கு நஞ்சடிப்பது எனக்கு விளங்காத பழக்கம்.

எறிய முன்னர் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மண்ணிறக் கூட்டை ஈர்க்கு நுனியால் மெல்லத் தொடுங்கள். உயிருள்ளது பெரும்பாலும் வயிற்றுப் பகுதியை ஒருமுறை நெளிக்கும். செத்தது கையில் எடுத்தால் பாரமில்லாமல் இருக்கும், அல்லது கறுத்துக் கசியும், அல்லது ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய துளை தெரியும். பச்சைக் கூடு திடீரென்று கறுத்தாலும் பயப்படாதீர்கள். கடைசி நாளில் தோல் கண்ணாடியாகி உள்ளே மடிந்திருக்கும் சிறகு தெரிவதுதான் அது. அடுத்த காலையில் பூச்சி வரும்.

என் பெறாமகள் இந்தத் தை மாதம் இன்னும் எட்டுப் புழுக்கள் பிடித்தாள். இம்முறை சப்பாத்துப் பெட்டிகள் இரண்டு. ஒன்றின் உட்புறம் முழுவதும் வழுவழுப்பான பச்சைக் கடதாசி, மற்றதில் தச்சு வேலைக்கு வாங்கும் மண்தாள். தின்பதை நிறுத்தி ஈரமாகக் கழித்த உடனே புழுவை மாற்றிவிடவேண்டும், பிந்தினால் பலனில்லை என்று நான் சொல்லியிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கும் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கடதாசிப் பெட்டியில் நான்கில் மூன்று பச்சை, ஒன்று மண்ணிறம். மண்தாள் பெட்டியில் நான்கும் மண்ணிறம். அந்த ஒன்று ஏன் மாறியது என்று கேட்டாள். மாற்ற முன்னர் அது பழைய பெட்டியில் எவ்வளவு நேரம் நடந்திருக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். கொப்பியில் அதையும் எழுதினாள்.

அம்மா இப்போது கிணற்றடி கூட்டும்போது குனிந்து பார்க்கிறார். போன கிழமை எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கறிவேப்பிலையிலிருந்து பத்தடி தள்ளி, பூவரசங் கதியாலில் பட்டை வெடித்த இடத்தில், முதுகு பிளந்த ஒரு வெறுங்கோது. மண்ணிறம். பட்டுக் கச்சை அறுபடாமல் இருந்தது. ஆறாவது புழுவாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். பிள்ளை அதை எடுக்க விடவில்லை.